பால் பிடித்த கதிரும் பக்குவம் அறிந்த கைகளும்

பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் பங்குப் பணியாற்றிய காலம் அது. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் கார்த்திகை முடிவதற்குள் பால் பிடித்துவிடும். அவ்வூர் வயல்களில் விளைவதில் பெரும்பகுதி முற்றிக் காய்ந்தபின் கோழித் தீவன ஆலைகளுக்குச் செல்வது. எனினும், கதிர் இளசாக இருக்கும்போது பத்துக் கதிரையேனும் ஒடித்துச் சுட்டுத் தின்னாத வீடு அங்கே இல்லை. ஒரு நாள் மாலை, முதிய அம்மையார் ஒருவர் கூடை நிறையக் கதிர்களைக் கொணர்ந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் இறக்கி வைத்தார். "இன்னைக்கே சுட்டுச் சாப்பிட்டுடுங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாமோ அன்று மறைவட்டக் கூட்டத்திற்குச் சென்றோம். மறுநாள் நோயாளர் சந்திப்பு. அதற்கு மறுநாள் ஒரு திருமணம். நான்காம் நாள் கதிர்களை வேகவைத்துப் பார்த்தால், கடித்த வாயில் மாவுதான் மிஞ்சிற்றே தவிர இனிப்பைக் காணோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்த அம்மையாரிடம், "உங்கள் நிலத்துக் கதிரில் சுவையே இல்லையே" என்று விளையாட்டாகச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "பறிச்ச அன்னைக்கே அது நெருப்பைப் பாக்கணும் சாமி. வச்சிருந்தா பால் மாவாப் போயிடும். அதான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பின், உணவு வரலாறு பற்றிய நூல்களைப் புரட்டியபோது அவர் சொன்னதன் பொருள் நமக்கு விளங்கிற்று. பால் பருவத்துக் கதிரில் உள்ள சர்க்கரை, கதிரை ஒடித்த கணம் முதலே மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. இனிப்புச் சோள வகைகளில்கூட, வெயில் மிகுந்த ஒரே நாளில் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி கரைந்துவிடும். பால் மாவாகிவிடும் என்று அவர் சொன்னது உவமை அன்று, வேதியியல். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் அறிந்திருந்ததை, இறையியல் கற்ற நாம் அறிந்திருக்கவில்லை. சொல்லியும் கேட்கவில்லை என்பதே நம் குற்றம்.

இக்கட்டுரை அந்தக் குற்ற உணர்விலிருந்து பிறந்தது எனலாம். இளங்கதிரை எப்படிச் சுடுவது, எதைத் தடவித் தின்பது என்பன சிறிய செய்திகளாகவே தோன்றும். ஆனால் ஒரு தானியத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சமைக்கத் தெரிந்தவர்களின் சொல்லைக் கேளாமற்போனதால் இலட்சக்கணக்கானோர் துன்புற்ற வரலாறு ஒன்று உண்டு. அதைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கடற்கரையில் கூடிய மூவர்

முப்பது ஆண்டுகளுக்கு முன் குருமட மாணவராகச் சென்னையில் இருந்த நாள்களில், விடுமுறை மாலைகளில் மெரினாக் கடற்கரைக்குச் செல்வதுண்டு. தள்ளுவண்டியில் கரி அடுப்பு. விசிறியால் வீசும்போதெல்லாம் பறக்கும் தீப்பொறிகள். மடல் உரித்த கதிர்கள் தணலில் புரண்டு ஆங்காங்கே கருகி வெடிக்கும் ஓசை. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அரிந்து, அந்த முகத்தை மிளகாய்த்தூளும் உப்பும் கலந்த தட்டில் ஒற்றி, சூடான கதிரின் மேல் அழுத்தித் தேய்த்துத் தருவார்கள். இதைவிடத் தமிழ்நாட்டுக்கே உரிய தின்பண்டம் வேறில்லை என்று அன்று எண்ணினோம்.

உண்மை வேறு. சோளக் கதிரும் மிளகாயும் மெக்சிகோவும் அதனை அடுத்த நாடுகளும் உலகுக்கு ஈந்தவை. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்களின் வழியே மிளகாய் நம் மேற்குக் கரையை அடைந்தது. மிளகைப் போல் உறைப்பதால் அதற்கு மிளகாய் என்று நம்மவர் பெயரிட்டனர். எலுமிச்சையோ ஆசியாவின் மகள். அவள் எதிர்த்திசையில் பயணம் செய்தாள்: அராபியர் வழியே ஐரோப்பாவை அடைந்து, அங்கிருந்து ஸ்பானியர் கப்பலேறி அமெரிக்கா சென்றாள். இன்று மெக்சிகோ நகரத் தெருக்களில் மாலைவேளையில் நின்றால், கரி அடுப்பில் கதிர் சுட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, எலுமிச்சை பிழிந்து தருவதைக் காணலாம். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு ஏழை வணிகர்கள் ஒரே பக்குவத்தில் வந்து நிற்கிறார்கள்.

பெயர்களைக் கவனியுங்கள். மக்காச்சோளம் என்ற பெயரைக் கேட்டு, அது மெக்காவிலிருந்து வந்ததோ என எண்ணியவர் நம்மில் பலர். இத்தாலியர் அதனைத் துருக்கித் தானியம் என்றழைத்தனர். தந்தவரின் பெயர் எங்கும் நிலைக்கவில்லை. ஆங்கிலம் உள்ளிட்ட சில மொழிகளில் மட்டும், 1492-இல் கொலம்பசின் ஆட்கள் கரீபியத் தீவுகளில் சந்தித்த தைனோ மக்கள் வழங்கிய 'மஹீஸ்' என்ற சொல் உருமாறி 'மெய்ஸ்' என வாழ்கிறது.

பிறந்த வீட்டின் மரியாதை

மெக்சிகோவின் தென்மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்னர், 'தெயோசிந்தே' என்னும் காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவாக்கப்பட்டது. அப்புல்லின் கதிர் விரல் நீளமே இருக்கும். பத்துப் பன்னிரண்டு விதைகள்; ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள். அதிலிருந்து நல்லதைப் பொறுக்கி விதைத்து, மீண்டும் பொறுக்கி விதைத்து, நூற்றுக்கணக்கான தலைமுறைகள் உழைத்ததால்தான் நாம் கையில் ஏந்தும் கதிர் பிறந்தது. மனிதர் விதைக்காவிட்டால் அது தானாக முளைத்துப் பெருகாது. மடல் மூடிய கதிரிலிருந்து மணிகள் தாமே உதிர்வதில்லை. மனிதரும் தானியமும் ஒருவரையொருவர் நம்பி வாழும் உறவு அது.

அந்த உறவு மொழியிலும் தெரிகிறது. அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில், மணி திரளாத பிஞ்சுக் கதிர் 'ஷீலோட்ல்'. பால் பிடித்த பசுங்கதிர் 'எலோட்ல்'. முற்றிக் காய்ந்த கதிர் 'சென்ட்லி'. உதிர்த்த காய்ந்த மணி 'ட்லாவோல்லி'. நெல், அரிசி, சோறு என நாம் பிரித்துப் பேசுவது போன்றதே இது. இன்றும் மெக்சிகோவில் பசுங்கதிருக்கு 'எலோத்தே' என்றே பெயர்.

இவற்றையெல்லாம் நாம் அறிய முடிவது பெரும்பாலும் ஒரு துறவியால். பெர்னார்தினோ தெ சஹாகுன் என்னும் பிரான்சிஸ்கு சபைக் குரு 1529-இல் மெக்சிகோவில் வந்திறங்கினார். 1590-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அம்மக்களின் மொழியைக் கற்று, தலாட்டலோல்கோ கல்லூரியில் பயின்ற நாவா இளைஞர்களின் துணையோடு முதியோரைக் கேட்டுக் கேட்டு எழுதி, 12 நூல்களாகத் தொகுத்தார். நாவாட்டில், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளிலும் அமைந்த அப்பெருந்தொகுப்பு பிளாரன்ஸ் நகர நூலகத்தில் இருப்பதால் பிளாரன்ஸ் சுவடி எனப்படுகிறது. அரசர் வீட்டுச் சமையல், சந்தையில் விற்ற பண்டங்கள், மிளகாய் வகைகள் என அவர் விட்டுவைத்த செய்தி குறைவு.

பசுங்கதிரைப் பற்றி அவர் சொல்வது கவனிக்கத்தக்கது. இளங்கதிரின் தெய்வமாகிய ஷீலோனென் பெயரால் கோடையில் ஒரு பெருவிழா உண்டு. அவ்விழா முடிந்த பின்னரே இளஞ்சோள அடைகளை மக்கள் உண்ணத் தொடங்குவர். அவ்விழாவில் நரபலியும் இருந்தது. அதனை நாம் மறைப்பதற்கில்லை, சஹாகுனும் மறைக்கவில்லை. ஆனால் அதே ஏட்டில் வேறொரு செய்தியையும் அவர் பதிந்திருக்கிறார். காய்ந்த சோளத்தைப் பானையில் இடுமுன் பெண்கள் அதன்மேல் மெல்ல மூச்சு விடுவார்களாம்; சூட்டைக் கண்டு அது அஞ்சக் கூடாதென்று. தரையில் மணி சிந்திக் கிடப்பதைக் கண்டால் உடனே குனிந்து பொறுக்குவார்களாம். பொறுக்காவிட்டால் அது ஆண்டவரிடம் முறையிடும் என்று. சிந்திய அரிசியை மிதிக்கவிடாத நம் பாட்டிமாரின் கடிந்த குரல் நமக்கு நினைவுக்கு வருகிறது.

தெற்கே குவாத்தமாலாவில் வாழ்ந்த கிச்சே மாயா மக்கள், வெண்சோளமும் மஞ்சட்சோளமும் அரைத்த மாவால் முதல் மனிதர்கள் படைக்கப்பட்டதாக நம்பினர். இதைக் கூறும் 'போப்போல் வூ' என்ற நூல், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொமினிக்கன் சபைக் குரு பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் படியெடுத்ததால்தான் நம் கைக்கு எஞ்சியது.

சுடுவதும் அவிப்பதும் கூட்டுவதும்

பசுங்கதிரைச் சமைப்பதில் அம்மக்களுக்கு எத்தனை வழிகள்! மடலோடு சாம்பலில் புதைத்துச் சுடுவது ஒன்று. மடலின் ஈரமே உள்ளிருக்கும் மணிகளை அவித்துவிடும், கதிர் கருகாது. மடலை நீக்கித் தணலில் காட்டுவது மற்றொன்று. சர்க்கரை சற்றே கருகி மணம் கூடும். நீரில் வேகவைப்பது மூன்றாவது. மணிகளை உதிர்த்து மிளகாயோடும் 'எப்பசோத்தே' என்னும் கார மணமுள்ள மூலிகையோடும் வேகவைத்துக் கிண்ணத்தில் தருவது 'எஸ்கீத்தே'. எலுமிச்சை வருவதற்கு முன்னரே உப்பும் மிளகாயும் இந்த மூலிகையும் பசுங்கதிரின் தோழர்களாக இருந்தன. பாலாடைக்கட்டியும் முட்டைக் குழம்பான மயோனைசும் தடவுவது மிகப் பிந்தைய வழக்கம்.

மிச்சுவாக்கான் மாநிலத்தில் 'உச்செப்போ' என்றொரு பண்டம் உண்டு. பால் மணிகளைச் சீவி எடுத்து, அரைத்து, அக்கதிரின் பச்சை மடலிலேயே பொதிந்து ஆவியில் அவிப்பது. பனையோலைக் கொழுக்கட்டை உண்டவர்களுக்கு இதன் மணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை; பொதிந்த இலையே பாதிச் சுவை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடுகளில் இதற்கு 'ஹுமித்தா' என்று பெயர். சிலி நாட்டார் அதில் திருநீற்றுப் பச்சிலையின் இனமான துளசி வகை ஒன்றைச் சேர்ப்பர். பெரு, பொலிவியா நாடுகளில் பெருமணிக் கதிரை அவித்து, ஒரு துண்டு வெண்ணிறப் பாலாடைக்கட்டியோடு உண்பர். வட அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பழங்குடியினர் இளஞ்சோளத்தையும் அவரையினப் பயறுகளையும் ஒன்றாக வேகவைத்தனர். அவர்களிடமிருந்து வந்த குடியேறிகள் கற்றதே 'சக்கட்டாஷ்'.

சோளத்தோடு பயறு ஏன்? சோளம் நடும் குழியிலேயே பயற்றையும் பூசணியையும் அவர்கள் நட்டார்கள். சோளத் தண்டில் பயறு ஏறும்; பூசணி இலை மண்ணின் ஈரம் காக்கும். மூன்று சகோதரிகள் என்று அவற்றை அழைத்தனர். சோளப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் போன்ற சத்துகளைப் பயறு நிறைவு செய்கிறது என்பது பிற்கால அறிவியல். வயலில் சேர்ந்து வளர்ந்தவை பானையிலும் சேர்ந்தே வெந்தன.

சுண்ணாம்பின் மறைபொருள்

இளங்கதிரை அப்படியே சுடலாம்; அவிக்கலாம். ஆனால் ஆண்டு முழுதும் உண்ண வேண்டியது முற்றிக் காய்ந்த சோளமன்றோ? அதற்கு அம்மக்கள் வேறொரு பக்குவம் கண்டனர். சுண்ணாம்பு கரைத்த நீரிலோ சாம்பல் நீரிலோ காய்ந்த மணிகளை வேகவைத்து, ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் கழுவித் தோல் நீக்கி, அம்மி போன்ற கல்லில் அரைப்பது. அந்த மாவைத் தட்டி மண் ஓட்டில் சுட்டால் 'தொர்த்தில்யா' எனும் அடை. மடலில் பொதிந்து அவித்தால் 'தமால்'. 3000 ஆண்டுகளுக்கு முன்னரே இப்பக்குவம் வழக்கில் இருந்ததற்குக் குவாத்தமாலாக் கரையில் தடயங்கள் உண்டு.

சுண்ணாம்பு தோலைக் கழற்றுகிறது; மாவைப் பிசைய வருமாறு இளக்குகிறது; எலும்புக்கு வேண்டிய கால்சியம் தருகிறது. இவை கண்ணுக்குத் தெரிபவை, அல்லது எளிதில் ஊகிக்கக் கூடியவை. தெரியாத ஒன்றும் உண்டு. முற்றிய சோளத்தில் நியாசின் என்னும் உயிர்ச்சத்து இருந்தும், அது பிணைக்கப்பட்டுக் கிடப்பதால் நம் குடலால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. சுண்ணாம்பு நீர் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. பால் பருவத்து மணியில் அச்சத்தின் பெரும்பகுதி இன்னும் கட்டுண்டு போகாததால் அதற்குச் சுண்ணாம்பு தேவையில்லை. எந்தப் பருவத்துக்கு எந்தப் பக்குவம் என்று அப்பெண்கள் பிரித்துக் கண்டது வியப்பன்றி வேறென்ன!

விதை போயிற்று, பக்குவம் போகவில்லை

ஸ்பானியர் சோள விதையைக் கப்பலேற்றினர். சுண்ணாம்புப் பானையை ஏற்றவில்லை. அதை அவர்கள் காணாதவர் அல்லர். தோலை நீக்கும் பெண்களின் வேலை என்று மட்டுமே கருதினர். ஐரோப்பாவில் நீராலைகளும் காற்றாலைகளும் இருந்தன. தோலோடு அரைத்துவிடலாம், எதற்கு வீண் வேலை? மேலும் அவர்களுக்குக் கோதுமையே உயர்ந்த உணவு. திருப்பலிக்குரிய அப்பமும் கோதுமையால் ஆனது. சோளம் செவ்விந்தியரின் உணவு; பின்னர் ஐரோப்பாவில் ஏழைகளின் உணவு. ஏழைகளின் உணவைப் பற்றிக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணமே முதற்பிழை.

1735-இல் வட ஸ்பெயினின் ஒவியேதோ நகரில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர், வறிய குடியானவரிடையே ஒரு புது நோயைக் கண்டார். வெயில் படும் கையிலும் கழுத்திலும் தோல் சிவந்து வெடித்தது. அவர்கள் பெரும்பாலும் சோளத்தையே உண்டு வாழ்ந்தனர் என்பதையும் அவர் குறித்தார். அவருடைய நூல் அவர் மறைவுக்குப் பின் 1762-இல் வெளிவந்தது. 1771-இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ பிராப்போல்லி அந்நோய்க்குச் சொரசொரத்த தோல் எனப் பொருள்படும் 'பெலாக்ரா' என்ற பெயரை எழுத்தில் பதித்தார். தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனப்பேதலிப்பு, இறுதியில் சாவு. வட இத்தாலியின் மனநோய் மருத்துவமனைகள் இந்நோயாளரால் நிரம்பின. வேலையாள்களுக்குக் கிடைத்ததோ சோளக் கஞ்சி மட்டுமே.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களில் இது கொள்ளை நோய் போலப் பரவிற்று. 1906 முதல் 1940 வரை ஏறத்தாழ 30 இலட்சம் பேர் நோயுற்று, 1 இலட்சம் பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. பருத்தித் தோட்டக் குத்தகையாளர், ஆலைத் தொழிலாளர், கறுப்பின மக்கள், அநாதை இல்லச் சிறுவர் ஆகியோரே பெரும்பாலோர். கிருமியால் வருவது என்றே மருத்துவ உலகம் நம்பியது. 1914-இல் இதை ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பெர்கர், மனநோய் விடுதிகளில் நோயாளிகளுக்கு மட்டுமே இது வருவதையும், பணியாளர்களுக்கு வராததையும் கண்டார். தொற்று நோயானால் இந்த வேறுபாடு ஏன்? உணவே காரணம் என்று முடிவு செய்தார். 1915-இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணையில், தாமாக முன்வந்த கைதிகளுக்குச் சோளமே மிகுந்த உணவைக் கொடுத்தபோது, 11 பேரில் 6 பேருக்கு நோய் கண்டது. அப்போதும் பலர் நம்பாததால், நோயாளரின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக் காட்டினார். அவருடைய மனைவியும் அவ்வாறே செய்தார். இருவருக்கும் நோய் வரவில்லை. 1929-இல் அவர் காலமானார். குறைபாடாக இருந்தது நிக்கோட்டினிக் அமிலம், அதாவது நியாசின், என்பதை 1937-இல் கான்ராட் எல்வெஜம் வெளிப்படுத்தினார்.

இருநூறு ஆண்டுக் காலத் துயரம். இத்தனைக்கும் சுண்ணாம்புப் பானையை விடாத மெக்சிகோவின் ஏழைச் சிற்றூர்களில், சோளமே முதன்மை உணவாக இருந்தும், இந்நோய் அரிதாகவே இருந்தது. விடையைச் சொல்லக்கூடிய பெண்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்களைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 1990-இல் மலாவி நாட்டு முகாம்களில் தங்கியிருந்த மொசாம்பிக் அகதிகளுக்குச் சோளம் தொடர்ந்து கிடைத்தது. உடன் வழங்கப்பட்டு வந்த நிலக்கடலை தடைப்பட்டது. 18,000-க்கும் மேற்பட்டோர் பெலாக்ராவுக்கு ஆளாயினர். துணைக்கறி என்பது நாவின் ஆசைக்கு மட்டும் அன்று.

புது நெருப்பும் பசுங்கதிரும்

பசுங்கதிரைத் தின்னுமுன் மன்னிக்க வேண்டும் என்றொரு சட்டம் இருந்ததை வாசகர் அறிவரோ? அமெரிக்காவின் தென்கிழக்கே வாழ்ந்த கிரீக், செரோக்கி, சாக்டா முதலிய மக்களிடையே அது பெருவிழா. 1791-இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் பார்ட்ரம் இதனை விவரிக்கிறார். இளங்கதிர் பக்குவம் அடைந்ததும் ஊரார் வீடுகளைப் பெருக்கிப் பழம்பொருள்களையும் மிஞ்சிய பழைய தானியத்தையும் குவித்து எரிப்பர். நோன்பிருப்பர். ஊரின் எல்லா அடுப்புகளும் அணைக்கப்படும். குற்றம் செய்து ஊரை விட்டு ஓடியவருக்குப் பொது மன்னிப்பு அறிவிக்கப்படும். கொலைக்கு மட்டும் மன்னிப்பில்லை என்று வேறு குறிப்புகள் கூறும். நான்காம் நாள் காலை, தலைமைப் பூசகர் மரக்கட்டைகளை உரசிப் புது நெருப்பை உண்டாக்குவார். அந்நெருப்பிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தீ எடுத்துச் செல்லப்படும். அதன் பின்னரே பெண்கள் வயலுக்குச் சென்று புதுக்கதிர் கொணர்ந்து சமைப்பர். உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் இருளில் நின்று புது நெருப்புக்குக் காத்திருக்கும் நமக்கு, அம்மக்களின் உள்ளம் அந்நியமாகத் தோன்றவில்லை.

1830-இல் அமெரிக்க அரசு இயற்றிய வெளியேற்றச் சட்டம் இம்மக்களை மூதாதையர் நிலத்திலிருந்து மேற்கே துரத்திற்று. 1831 முதல் சாக்டா மக்களும், 1836-இல் கிரீக் மக்களும், 1838-இல் செரோக்கி மக்களும் நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திச் செல்லப்பட்டனர். செரோக்கியரில் மட்டும் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பர். கிரீக் மக்களில் ஒரு பிரிவினர் தம் ஊர் அடுப்பின் சாம்பலைச் சுமந்து சென்று, இன்றைய டல்சா நகரில் ஓர் ஓக் மரத்தடியில் இட்டுப் புது நெருப்பை மூட்டினர் என்பது மரபு. அம்மரம் இன்றும் நிற்கிறது.

இவ்விடத்தில் வரலாறு கடல் தாண்டுகிறது. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிற்று. கத்தோலிக்க ஏழை மக்கள் பட்டினியில் வீழ்ந்தனர். பிரித்தானியப் பிரதமர் ராபர்ட் பீல் 1 இலட்சம் பவுண்டு மதிப்புள்ள சோளத்தை அமெரிக்காவிலிருந்து மறைவாக வாங்கி, 1846-இல் மலிவு விலைக்கு விற்கச் செய்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் கல் போன்ற அந்த மணியை அரைக்க அயர்லாந்து ஆலைகளால் சரிவர இயலவில்லை. சமைக்கவும் மக்களுக்குத் தெரியவில்லை. அரைகுறையாக அரைத்து அரைகுறையாக வெந்ததை உண்டவர்கள் வயிற்று நோயால் வருந்தினர். அதன் மஞ்சள் நிறத்தைப் பார்த்து 'பீலின் கந்தகம்' என்று கசந்து பெயரிட்டனர். மீண்டும் அதே பிழை: தானியம் வந்தது; அதைச் சமைக்கும் அறிவு வரவில்லை.

1847-இல் அவ்வறிவுக்கு உரியவர்களுள் ஒரு மக்களினம் அயர்லாந்தை நோக்கிக் கை நீட்டிற்று. தம் நிலத்தையும் உறவுகளையும் இழந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்த சாக்டா மக்கள், பட்டினிச் செய்தி கேட்டுக் கூட்டம் கூடிப் பணம் திரட்டினர். 170 டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. தாம் நடந்த பாதையின் நினைவு அவர்களைக் கடினப்படுத்தவில்லை, கனியச் செய்தது. அயர்லாந்து மறக்கவில்லை. கார்க் மாவட்டத்து மிடில்டன் நகரில், கழுகு இறகுகள் வட்டமாக நின்று வெற்றுக் கிண்ணம் போலத் தோன்றும் எஃகு நினைவுச் சின்னம் ஒன்று 2017-இல் திறந்துவைக்கப்பட்டது. 2020-இல் கொரோனாத் தொற்று நவஹோ, ஹோப்பி பழங்குடியினரைத் தாக்கியபோது, அயர்லாந்து மக்கள் பலர் அந்தப் பழைய கடனை நினைவுகூர்ந்து பொருளுதவி அனுப்பினர்.

கேட்கும் செவி

இவ்வளவையும் எண்ணிப் பார்க்கையில் நம் உள்ளத்தில் நிற்பது ஒன்றே. கொடையைப் பெறுவது எளிது. கொடுத்தவரை ஆசானாக ஏற்பது அரிது. விதையைப் பெற்றவர்கள் விதைத்தவரின் அறிவையும் பணிவோடு கேட்டுப் பெற்றிருந்தால், எத்தனையோ கல்லறைகள் தோண்டப்பட்டிரா. நம் இல்லங்களிலும் இதுதான் நிலை. ராகியை முளைகட்டும் முறை, கம்பை இடித்துப் புளிக்கவைக்கும் முறை, பனங்கிழங்கை அவிக்கும் முறை ஆகியவற்றை அறிந்த முதியவர் ஒருவர் அடுப்படியின் ஓரத்தில் இருப்பார். நாம் ஏடுகளில் தேடுவோம். அவரைக் கேட்க மாட்டோம். பங்குகளிலும் அப்படியே. அன்பியக் கூட்டங்களில் பேசுவோர் பேசிக்கொண்டேயிருக்க, வாழ்ந்து அறிந்த முதியவள் பின்வரிசையில் வாய் மூடியிருப்பாள். குருக்களாகிய நாமே இதில் முதற்குற்றவாளிகள்.

பெரம்பலூர்ப் பக்கத்து அந்த அம்மையார் இப்போது இல்லை. அப்பங்கை விட்டு வருவதற்கு முந்திய ஆண்டு, மீண்டும் ஒரு கூடை கொணர்ந்தார். அன்று மாலையே உபதேசியாரையும் பீடச் சிறுவர்களையும் அழைத்து, கொல்லையில் மூன்று கல் கூட்டித் தீ மூட்டினோம். பாதிக் கதிர்களை மடலோடு சாம்பலில் புதைத்தார். மீதியைத் தணலில் காட்டினார். நகத்தால் ஒரு மணியைக் கீறி, பால் தெறிக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்து கொடுத்தார். உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை. "இப்ப இனிக்குதா சாமி?" என்று கேட்டார். இனித்தது. அன்று அவரிடம் வேறு சில பக்குவங்களையும் கேட்டு எழுதி வைத்தோம். அந்தத் தாள் இன்னும் நம் திருப்புகழ்மாலை நூலுக்குள் இருக்கிறது.